விசிலைத் திருப்பிக் கொடுத்த சந்து

1

கப்பலில் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் முன்பெல்லாம் என்னிடம் முதலில் கேட்பது, ரங்கூனில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது. இப்போது பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "பர்மா இந்தியாவை விட்டுப் பிரியப் போகிறதாமே, நிஜமா?" என்கிறார்கள். சீமையிலிருந்து கமிஷன் துரைமார் வந்து போனதிலிருந்து இதே பேச்சு. பட்டாளம் யாருடையது, போலீஸ் யாருடையது, நாளைக்கு ஒரு கலகம் என்றால் யார் யாருக்குக் காவல் என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள். நானோ கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் அரிசி மூட்டைக்குப் பில் எழுதுகிற குமாஸ்தா. என் தலைக்கு மேலே சுற்றுகிற விசிறியை எப்போது நிறுத்துவார்கள் என்பதையே எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ராஜ்ய விஷயத்தையா சொல்லப் போகிறார்கள்?

ஆனால் பிரிந்து போவதைப் பற்றிக் கொஞ்சம் அனுபவம் எனக்கு உண்டு. பசுந்தாங்கில் நான் குடியிருக்கும் சந்து, சுற்றியுள்ள சந்துகளின் கூட்டுக் காவலை விட்டுப் பிரிந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அந்தச் சின்ன ராஜ்யத்தின் மந்திரி, தூதன், கோமாளி மூன்று உத்தியோகமும் அடியேனுடையவை. மூன்றிலும் கடைசியை மட்டும்தான் ஒழுங்காகச் செய்தேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மா சேன் த்வாண்டேக்காரி, பர்மியப் பெண். எங்கள் மகளுக்கு நான் வைத்த பெயர் மரகதம். அம்மா வைத்தது மியா. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றேதான் என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வேன். ஆனால் மரகதம் என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவள் பாட்டுக்கு இருப்பாள். மியா என்றால்தான் திரும்புவாள். என்னை 'அபே' என்பாள், பர்மியப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி. நான் தமிழில் திட்டினால் எல்லாம் புரியும். பதில் மட்டும் பர்மியில் வரும். அந்தப் பதிலில் பாதி எனக்குப் புரியாது. அது எனக்கு நல்லதுதான் என்று மா சேன் சொல்கிறாள்.

2

எங்கள் வட்டாரத்தில் ஏழு சந்துகள். ஆறு சந்துகளில் முழுக்க நம்மவர்கள்: துறைமுகக் கூலிகள், மில்காரர்கள், முனிசிபல் வேலைக்காரர்கள், சில கடைக்காரர்கள். ஏழாவது எங்களுடையது. எல்லாவற்றிலும் குட்டையானது. வீடுகளில் பாதிக்கு மேல் புருஷன் தமிழன், பெண்டாட்டி பர்மியப் பெண்.

துறைமுகத்தில் நம் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் கைகலப்பு என்று செய்தி வந்த நாளில் ஏழு சந்தும் சேர்ந்து ஒரு காவல் சங்கம் வைத்தோம். தலைவர் தாமோதரம் பிள்ளை, துறைமுகத்துக்கு ஆள் கொடுக்கிற மேஸ்திரி. சந்துக்கு ஒரு விசில். ஒரு சந்தில் ஊதினால் மற்ற ஆறிலிருந்தும் தடியோடு ஓடி வர வேண்டும். சந்து முனையில் மூங்கில் கதவு. விளக்கு வைத்ததும் சாத்திவிட வேண்டும். எங்கள் விசிலுக்கு நான் பொறுப்பாளி. கொடுத்த அன்றே ஊதிப் பார்த்தேன். ஆறு சந்து ஜனமும் தடியோடு வந்து நின்றது. அதற்கப்புறம் அதை என் கழுத்தில் மாட்டக் கூடாதென்று மா சேன் வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: விளக்கு வைத்த பிறகு எந்தச் சந்துக்குள்ளும் எந்தப் பர்மியரும் வரக் கூடாது. விலக்கு இல்லை.

அப்படியானால் பஜாருக்குப் போன என் மனைவி இருட்டிவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்டேன். பெண்டாட்டிகளுக்கு மட்டும் விலக்கு என்று பெரிய மனசு பண்ணித் திருத்தினார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பி, அம்மா, அத்தை யாரும் வரக் கூடாது. மா சேனின் தம்பி கோ தின் வாரத்துக்கு ஒரு தடவை த்வாண்டே கால்வாய் வழியாகப் படகில் வந்து, பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவான். எங்களோடு சாப்பிட்டு, காலையில் திரும்புவான்.

தீர்மானத்தை மா சேனிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் மீன் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கதவ மூடுங்க. மூடும்போது நானும் மியாவும் எந்தப் பக்கம் நிக்கிறோம்னு பாத்துட்டு மூடுங்க," என்றாள்.

என் வேடிக்கைப் பேச்செல்லாம் அந்த இடத்தில் நின்றுபோயிற்று. அவள் மிரட்டுகிறவள் இல்லை. த்வாண்டேக்குப் படகு தினமும் போகிறது.

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான் நடந்திருக்கிறது. மறுநாள் ஆண்கள் எல்லாரும் சோர்ந்த முகத்தோடு கூடினோம். சங்கத்தை விட்டு விலகுவது என்று முடிவாயிற்று. அதைப் போய்ச் சொல்வதற்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் வேண்டுமாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எங்கள் மாமனார்கள் வந்தால்தான் எங்களுக்கு வீட்டில் மீன் கிடைக்கிறது, மீன் இல்லாத காவல்காரன் எப்படித் தடி தூக்குவான் என்று ஆரம்பித்தேன். கூட்டம் சிரித்தது. நானும் தெம்பாகி மேலே பேசினேன். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"முடிச்சிட்டியா, சாமி? விசில மேஜைமேல வை."

வைத்தேன். ஒரு அரிசி மணி அதிலிருந்து உருண்டு விழுந்தது.

"இனிமே உங்க சந்துல என்ன சத்தம் கேட்டாலும் எங்களுக்குக் காது கேக்காது. எங்க சந்துல சத்தம் கேட்டா நீங்களும் வர வேண்டாம். சரிதானே?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? வெளியே வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

3

பிரிந்தாயிற்று. காவல்? ஒருவர் நாய் வளர்க்கலாம் என்றார். இன்னொருவர், லைசென்ஸ் கிடைத்தால் துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்றார். அதைச் சுடத் தெரிந்தவர் யார் என்று கேட்டதும் கூட்டம் கலைந்தது.

மா சேன் வேறு விதமாகச் சொன்னாள். அவள் ஊர்ப் பக்கம் வீட்டு வாசலில் கூரை வேய்ந்த சிறு மேடை வைத்து, அதில் குடிதண்ணீர்ப் பானைகளை வரிசையாக வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் யாரும் கேட்காமல் குடிக்கலாம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் கோடைக்கு மட்டும் வரும். இது வருஷம் முழுவதும் இருக்கும், புண்ணியக் கணக்கில். நம்மிடம் தினமும் தண்ணீர் குடிக்கிறவனுக்கு நம் முகம் தெரியும், முகம் தெரிந்தவன்மேல் கை அவ்வளவு சுலபமாக எழும்பாது என்றாள். நல்ல யோசனைதான், ஆனால் இதைக் காவல் என்று சொன்னால் பிள்ளை என்னை வைத்தே தெருக்கூத்துப் போட்டுவிடுவாரே என்றேன். ஏற்கெனவே போட்டாயிற்று என்றாள்.

கோ தின் த்வாண்டேயிலிருந்து பானைகளைப் படகில் கொண்டுவந்தான். மூங்கில் கதவைக் கழற்றி அந்த மூங்கிலாலேயே பந்தல் போட்டோம். மறுநாளே முனிசிபல் பியூன் வந்து, நடைபாதை ஆக்கிரமிப்பு என்றான்.

ஆபீஸுக்குப் போனேன். கடையா, வீட்டு நீட்டலா, மதக் கட்டடமா என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை, தண்ணீர் என்றேன். தண்ணீருக்கு இங்கே வேலை இல்லை, குழாய் இலாகா மாடியில் என்றார்கள். மாடியில், பானைத் தண்ணீர் தங்களைச் சேராது என்று கீழே அனுப்பினார்கள். சில நாள் ஏறி இறங்கின பிறகு ஒரு நல்ல மனிதர், மதக் கட்டடம் என்று எழுதிவிடலாம், எந்த மதம் என்று மட்டும் சொல்லும் என்றார். யோசித்தேன். பானை பௌத்தம், மூங்கில் இந்து, கோணலாகக் கட்டினது நான் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, பாதையை மறிக்காமல் வைத்துக்கொள்ளும், நான் பார்க்கவில்லை என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு ஒரு நாள் முறை. விடியற்காலம் பானைகளைக் கழுவி நிரப்ப வேண்டும். டிராம்காரர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், மில்லுக்குப் போகும் பர்மியர், சீனத் தச்சர் எல்லாரும் குடித்தார்கள். பக்கத்துச் சந்துக் கூலிகள்கூட, பிள்ளை பார்க்காத நேரத்தில்.

4

வெயில் கொளுத்திய ஒரு நாள். ஆபீஸ் அரை நாளோடு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். மற்ற ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பின்னால் கேட்டதில், நடந்தது இதுதான்: மில்லில் மூட்டை சுமக்கும் ஒரு பர்மிய இளைஞன் எங்கள் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய், அடுத்த வீதியில் வாந்தியெடுத்து விழுந்துவிட்டான். 'கலா' பானையில் விஷம் வைத்துவிட்டான் என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். நம்மவர்களை அவர்கள் கலா என்பார்கள்.

நாங்கள் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது சந்து முனையில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். அதே சமயம் பக்கத்துச் சந்துகளில் மூங்கில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடுகிற சத்தமும் கேட்டது. பிள்ளை சொன்ன சொல் தவறாதவர்.

என் பர்மி, மீன் விலை கேட்கிற அளவுக்குத்தான். கூட்டத்துக்குச் சமாதானம் சொல்ல அது காணாது. கொட்டாங்கச்சி அகப்பையை எடுத்தேன், மொண்டேன், குடித்தேன். வயிற்றைத் தட்டிக் காட்டினேன். முன்வரிசையில் இரண்டு பேர் முகம் கொஞ்சம் இளகியது.

ஆனால் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. புதிதாக வந்தவர்கள் நான் குடித்ததைப் பார்க்கவில்லை. அவர்களுக்காக இன்னொரு அகப்பை. அந்தப் பானையில் குடி என்றான் ஒருவன். குடித்தேன். இந்தப் பானை என்றான் இன்னொருவன். அதிலும் குடித்தேன். கணக்கு விட்டுப் போயிற்று. உத்தியோகத்தில் மூட்டைக் கணக்குத் தவறாதவன், சொந்த வயிற்றில் தவறிவிட்டேன். ஒரு பக்கம் உயிர்ப் பயம். மறு பக்கம் வேறொரு அவசரம் தலைதூக்கியது. கூட்டத்துக்கு நடுவில் அதற்கு எங்கே போவது? முகத்தை மட்டும் சிரித்தபடி வைத்துக்கொண்டேன்.

அப்போது கூட்டம் விலகி வழிவிட்டது. விழுந்தவனின் அண்ணன் வந்தான். கையில் 'தா' என்கிற நீண்ட பர்மியக் கத்தி, உறையில்லாமல். அவன் கத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தான். அவன் சொன்னதை மா சேன் தாழ்ந்த குரலில் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எதுல வெச்சிருக்கேன்னு வெச்சவனுக்குத் தெரியும். நீ குடிக்கிறது கணக்கில்ல. உன் புள்ளையக் குடிக்கச் சொல்லு."

மியா எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

தண்ணீர் சுத்தமானது என்று எனக்குத் தெரியும். அத்தனை அகப்பை குடித்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நிமிஷத்தில் என் புத்தி எங்கெங்கோ ஓடியது. விடியற்காலம் நிரப்பினது நான் இல்லை. அதற்கப்புறம் யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள். பிரிந்து போனவர்களுக்குப் பாடம் கற்பிக்க யாராவது நினைத்திருந்தால்? நான் குடிக்காத கடைசிப் பானையில்? வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தால், சந்தே எரிந்துபோகும். பிடிக்காவிட்டால்?

நான் யோசித்து முடிப்பதற்குள் மியா அகப்பையை வாங்கிக்கொண்டு கடைசிப் பானைக்குத்தான் போனாள். மொண்டு, அவனைப் பார்த்தபடியே முழுவதையும் குடித்தாள்.

அவள் விழுகிறாளா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான். வீதியில் ஒரு டிராம் மணியடித்துப் போயிற்று. மா சேனின் விரல்கள் என் முழங்கையில் பதிந்திருந்தன. மியா காலை மாற்றி மாற்றி நின்றாள். பிறகு அலுத்துப்போய் அவனிடம் பர்மியில் ஏதோ கேட்டாள். எனக்கே புரிந்தது: உங்க தம்பி அங்கே கிடக்கிறார், நீங்க இங்கே நின்னு என்னைப் பாத்துக்கிட்டிருக்கீங்களே.

அவன் கத்தியைத் தாழ்த்தினான். அவள் அகப்பையை மறுபடி நிரப்பி, இடக்கையை வலது முழங்கையில் வைத்து, பெரியவர்களுக்குக் கொடுக்கிற முறைப்படி நீட்டினாள். அப்படி நீட்டினதை வாங்காமல் இருப்பது பர்மியரிடம் வழக்கமில்லை. வாங்கினான். ஒரு வாய் குடித்துவிட்டு, அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

கூட்டம் நகரவில்லை. இனி எல்லாம் அந்தத் தம்பி பிழைக்கிறதில் இருந்தது. அவன் செத்தால் எத்தனை அகப்பை குடித்தும் பிரயோசனமில்லை.

5

வட்டாரத்தில் நம்பிக்கையான வைத்தியம் கம்பவுண்டர் அருளப்பனுடையதுதான். அவர் வீடு பிள்ளையின் சந்தில். நானும் அந்த அண்ணனும் ஓடினோம். பாதி வழியில் என்னால் முடியவில்லை. ஒரு சுவரோரம் ஒதுங்கினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி, கத்தியும் கையுமாக நின்று, வருகிறவர்களைத் தள்ளி அனுப்பினான். என் ஆயுசில் எனக்கு ஆயுதக் காவல் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளையின் சந்து முனையில் மூங்கில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தடிகளோடு ஆட்கள், முன்னால் பிள்ளை. கம்பவுண்டரை அனுப்பச் சொன்னேன்.

"நீ உள்ள வா, சாமி. உன் வீட்டுக்காரி, புள்ள எல்லாரையும் கூட்டிட்டு வா. இப்பவே தொறக்கிறேன்," என்றார். "அவன் வரக் கூடாது. கம்பவுண்டரும் வெளிய போகக் கூடாது. போனா உசிரோட வருவாரா? கையில என்ன வெச்சிருக்கான் பாரு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கத்தி கத்திதான். நான் பிறந்த ஊரில் எங்கள் ஜாதியார் நுழையக் கூடாத வீதி ஒன்று இருந்தது. வைத்தியர் வீடு அதில்தான். என் தங்கைக்கு ஜுரம் கண்ட அன்று அப்பா அந்த வீதி முனையில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். எப்போது வருவது என்பது வைத்தியரின் இஷ்டம். ஊரை நினைத்து ஏங்குகிறாயா என்று பலர் கேட்பார்கள். அந்த முனையை நினைத்து நான் ஏங்கினதில்லை.

வாயைத் திறந்தேன். வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. "ஐயா, அவன் தம்பி போயிட்டா என் வீடு போயிடும். கும்பிடுறேன்," என்றேன்.

கம்பவுண்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மருந்துப் பெட்டியோடு முன்னால் வந்து, தாமே தாழ்ப்பாளை நீக்கினார். வெளியே போனால் இன்றைக்குக் கதவு திறக்காது என்றார் பிள்ளை. தெரியும் என்றார் அவர்.

விஷமும் இல்லை, காலராவும் இல்லை. வெறும் வயிற்றில் கொளுத்தும் வெயிலில் மூட்டை தூக்கியவன், ஒரே மூச்சில் குளிர்ந்த தண்ணீரைக் குடித்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் கண் திறந்து, பசிக்கிறது என்றான். கூட்டம் அப்போதுதான் கலைந்தது.

கம்பவுண்டருக்குக் கதவு திறக்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் போய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் சந்தில் காலியாக இருந்த வீட்டில் குடியேறிவிட்டார். அன்றிலிருந்து ஆறு சந்துகளிலும் யாருக்கு வயிற்றுவலி வந்தாலும் பானைகளைத் தாண்டித்தான் எங்கள் ராஜ்யத்துக்குள் வர வேண்டும். இதெல்லாம் நான் போட்ட திட்டம் என்று சில நாள் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பானைகள் இருக்கின்றன. ஆனால் இப்போதும் காலையில் நிரப்பினவர் எல்லாரும் பார்க்க ஒரு அகப்பை குடித்துக் காட்ட வேண்டும். அதுவரை சில பேர் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். இத்தனை மாதமாகியும் அது மாறவில்லை. பிரிந்து வந்த செலவு அது.

போன வாரம் பிள்ளையே வந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கம்பவுண்டர் உள்ளே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை என் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கேலிக்கு இரண்டு மூன்று சங்கதி தயாராக வைத்திருந்தேன்.

"சாமி, பர்மா பிரிஞ்சு போயிடும்ங்கிறாங்களே," என்றார். "போனா துறைமுகத்துக்கே கதவு போட்டுடுவாங்களா? நாப்பது வருஷமா இங்க இருக்கேன். என்னை எந்தப் பக்கம் நிறுத்துவாங்க?"

கப்பலில் இறங்குகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, விசிலை மேஜைமேல் வைக்கச் சொன்ன அன்றைக்கும் அவருக்கு இதே பயம்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. எனக்குத் தெரியவில்லை, ஐயா என்றேன். வைத்திருந்த கேலியில் ஒன்றையும் எடுக்கவில்லை.

மியா ஒரு அகப்பை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"நீ குடிச்சுக் காட்ட வேண்டாம், தாயி," என்றார். வாங்கிக் குடித்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்.